பதினாறு நாள் மழிக்காத முகம்

அன்றைக்கு என் கணவர் வாசல் பக்கமாக வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று, "தண்ணி கொண்டு வா. என்னத் தொடாத" என்றார். பொழுது சாயும் நேரம். ஹட்டனில் ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. கோட்டு நனைந்து தொங்கியது. கால்சட்டை முழங்கால்வரை சேறு.

"யாரு வீட்டுச் சாவு?" என்று கேட்டேன். வீட்டுக்குள் வராமல் பின்பக்கம் நின்று தண்ணீர் கேட்கிற மனுஷனிடம் வேறென்ன கேட்பது?

"கேசு குடுத்த ஒரு கட்சிக்காரர் வீடு" என்றார்.

மேற்கொண்டு கேட்காமல் விடுவது என் சுபாவம் இல்லை. ஆனால் அவர் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். வெந்நீர் வைத்துத் தலையோடு ஊற்றினேன். உடுத்தியிருந்த அத்தனையையும் அங்கேயே கழற்றிப் போட்டார். சாவு வீட்டுத் துணியைக் காலைவரை போட்டுவைப்பது எங்கள் வழக்கமில்லை. அப்போதே கல்லில் போட்டுத் துவைத்தேன். சட்டையின் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன், பாதிதான் போனது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நல்ல சட்டையை இப்படிக் கெடுத்துக்கொண்டு வருவாரா என்று முணுமுணுத்துக்கொண்டே துவைத்தேன். அந்தத் துவையலை வைத்து என் புருஷனைத் தூக்குக்கு அனுப்பப் பார்ப்பார்கள் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

என் அப்பா ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். எனக்கு வக்கீல் மாப்பிள்ளை கிடைத்தபோது அவர் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் கிடையாது, சின்ன வயதிலேயே இந்தியாவில் இறந்துவிட்டார்கள், மிஷன் விடுதியில் தங்கிப் படித்து மேலே வந்தவர் என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். மாமியார் இல்லாத வீட்டுக்குப் போகிறாள் என்று என் சிநேகிதிகளுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். நானும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவருடைய ஆபீசில் இன்னொரு வக்கீலும் இருந்தார். இரண்டு பேரும் கொழும்பில் ஒன்றாகச் சட்டம் படித்தவர்கள். ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு டைப்ரைட்டர். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது என்று வாராவாரம் குறை சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை சோறு வாங்குவார். எனக்கு அவரைப் பிடிக்கும். வம்புக்கென்றே புளியைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.

இந்தச் சிநேகிதருக்கும் இவருக்கும் சண்டை வந்தது. நாற்பத்தெட்டில் குடியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து, இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்துச் சனங்களைப் பார்த்து "நீ எந்த நாட்டுக்காரன்" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிரஜாவுரிமை மனு எழுதுவதும் விசாரணைக்குப் போவதும்தான் இவர்களுடைய பாதி வேலை. ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், குடியிருந்த குடும்பங்களுடைய மனு விசாரணைக்கு வந்த நாளைச் சிநேகிதர் மறந்துவிட்டார். சனங்கள் மழையில் வந்து காத்து நின்றார்கள், வக்கீல் வரவில்லை, மனு தள்ளுபடியாகிவிட்டது. என் கணவர் கோர்ட்டு வராந்தாவில், ஊரே பார்க்க, "ஒன்னக் கொன்னு பொதைச்சாத்தான்டா எனக்கு ஆறும்" என்று கத்தினாராம். நான் பாலைப் பொங்கவிட்டால்கூடக் குரல் உயர்த்தாத மனுஷன். கேள்விப்பட்டு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "தோட்டத்து ஆளுங்க கேசுக்கா இப்புடிக் கத்துனீங்க? அவரு ஒங்க சிநேகிதரு இல்லையா?" என்று கேட்டேன். அவர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கேட்ட விதத்தை இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் மழையில் நனைந்து வந்தது, சண்டை நடந்து ஒரு வாரம் கழித்து. மறுநாள் பிற்பகல் நோட்டன் பிரிட்ஜ் பாதையில் ஒரு பாலத்துக்கு அடியில் சிநேகிதரின் உடலைக் கண்டெடுத்தார்கள். மண்டை உடைந்திருந்தது. விழுந்து உடைந்ததல்ல, அடித்து உடைத்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முந்தின நாள் ஒரு காணி வழக்குக்கு இடம் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறார். செய்தி வந்தபோது என் கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பறங்கிக்காரர். தமிழ் தெரியாது. தமிழ் நன்றாகப் பேசும் ஒரு சிங்கள சார்ஜனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கேள்வி இங்கிலீஷில் வரும், சார்ஜன் அதைத் தமிழில் கேட்பார், என் பதில் அதே வழியில் திரும்பிப் போகும்.

"ஐயா வந்ததும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"தொவைச்சேன்."

"எதைத் தொவைச்சீங்க?"

"எல்லாத்தையும். கோட்டு, சட்டை, கால்சட்டை, உள்பனியன். கால்ல போட்டிருந்த சப்பாத்தையும் கழுவிட்டேன்." பெருமையாகவே சொன்னேன். சாவு வீட்டுத் தீட்டை வாசலைத் தாண்டவிடாத பெண்பிள்ளை என்று நல்ல பேர் கிடைக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

"கறை ஏதாவது இருந்துச்சா?"

"சட்டைத் தோள்ல செவப்பா இருந்துச்சுங்க. எலுமிச்சம்பழம் போட்டும் போகல."

சார்ஜன் இதைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுதினார். அந்தச் சட்டையைக் கேட்டார். கொடியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்தேன். இஸ்திரி போடவில்லை என்று மன்னிப்பு வேறு கேட்டேன்.

அடுத்து என் கணவரிடம் திரும்பினார்கள். அன்றைக்கு நுவரெலியா கோர்ட்டுக்குப் போவதாக ஆபீஸ் கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கோர்ட்டுப் பக்கமே அவர் போகவில்லை என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சாவு வீட்டுக்கு என்றார். யாருடைய சாவு, எந்த ஊர் என்று கேட்டார்கள்.

"அதச் சொல்ல முடியாது" என்றார்.

இன்ஸ்பெக்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். ஊரைவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். "சொன்னா என்ன? ஒரு எடத்துக்குப் போனத சொல்றதுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன். அவர் என் தலையில் கையை வைத்து, "என்ன நம்பு, இது மட்டும் கேக்காத" என்றார்.

ஊர் பேச ஆரம்பித்தது. பேசுவதற்கு அவரும் வசதி செய்துகொடுத்தார். முகம் மழிக்கவில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கன்னம் பளபளக்கச் சவரம் செய்துகொண்டு கோர்ட்டுக்குப் போகிறவர், கறுப்புக் கோட்டுக்கு மேல் முள்ளு முள்ளாகத் தாடியோடு போனார். மீன், முட்டை தொடவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குக்கூட வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டு வந்தாராம். "கையில ரத்தம் இருக்கவன் எப்புடி சாமி முன்னால நிப்பான்?" என்று அப்பாவின் கடையிலேயே துணி கிழித்துக்கொண்டிருந்த ஆட்கள் பேசியிருக்கிறார்கள். அப்பா காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். அதற்காக அவரை நான் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

சிநேகிதர் செத்த துக்கத்தில்தான் இப்படி இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, குழம்பில்லாமல் வெறும் ரசச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "கூடப் பொறந்தவருக்குக் காக்கிற மாதிரி தீட்டு காக்கிறீங்களே. சிநேகிதருக்கு யாராவது இப்புடி இருப்பாங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தது எந்த நாளிலிருந்து? நனைந்து வந்த அன்றைக்கே. குளிர் பிடித்திருக்கும், என்னோடு படுத்தால் எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளிப் படுக்கிறாராக்கும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சிநேகிதர் செத்த விஷயம் ஹட்டனில் ஒருவருக்கும் தெரியாது. உடல் கிடைத்ததே மறுநாள் பிற்பகல். ஊருக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முந்தியே என் புருஷன் துக்கம் காக்க ஆரம்பித்துவிட்டார்.

கையிலிருந்த ரசக் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றேன். கொன்றவனுக்குத்தான் முதலில் தெரியும். அது எனக்கும் புரிந்தது. எவ்வளவு யோசித்தும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்தார். கேட்காததையெல்லாம் சொல்கிற நான், பாயைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. சட்டையைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். தலையை ஆட்டினேன். அவரைக் கொலைகாரர் என்று நான் நினைத்தேனா? நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. நினைத்துக்கொண்டேதான் அவருக்குக் கோட்டுப் பொத்தான் தைத்தேன், வெந்நீர் வைத்தேன், அவர் சாப்பிடும்வரை காத்திருந்தேன். ஏழாம் நாள் நானும் கட்டிலை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் ஒரு பாயை விரித்துக்கொண்டேன். "தரை ஜில்லுன்னு இருக்கு, மேல படு" என்றார். "ஒங்களுக்கு மட்டும் ஜில்லுன்னு இல்லையா?" என்றேன். செய்தாரோ இல்லையோ, தனியாகத் தரையில் கிடக்க வேண்டாம் என்றிருந்தது.

தீபாவளி வந்தது. பிடிவாதமாக முறுக்குச் சுட்டேன். ஊர் பார்க்கட்டும், வக்கீல் வீட்டில் ஒன்றும் குறைவில்லை என்று காட்ட வேண்டும். காலையில் எழுந்து நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, அவருக்கு வைக்கக் கிண்ணத்தோடு போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். புதுச் சட்டையை நீட்டினேன். அதையும் வாங்கவில்லை.

ஒரு வீட்டில் சொந்த ரத்தம் செத்திருந்தால் மட்டும்தான் தீபாவளி எண்ணெய் கிடையாது, கோடித் துணி கிடையாது. குற்றம் செய்தவன் எண்ணெயைத் தடுக்க மாட்டான். இரண்டு பங்கு தேய்த்துக்கொண்டு புதுச்சட்டையோடு கடைவீதியில் நடந்து காட்டுவான். துணிக்கடைக்காரன் மகளுக்கு இதுகூடத் தெரியாதா? பத்து நாளாக என் கண்ணுக்கு முன்னால் கிடந்ததை அப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். பயம் போய் வேறொன்று நெஞ்சில் ஏறியது.

"யாருக்குங்க தீட்டு காக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஒங்களுக்குத்தான் யாருமே இல்லன்னு சொன்னாங்களே."

கண் நிறைந்துவிட்டது அவருக்கு. நான் என் தலையிலிருந்த எண்ணெயைச் சீயக்காய் போட்டு அலசினேன். யாருக்கு என்று தெரியாமலே அன்றைக்கிருந்து நானும் தீட்டுக் காத்தேன். சுட்ட முறுக்கை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

பதினைந்தாம் நாள் காலை ஜீப் வந்தது. கைது. அக்கம்பக்கமெல்லாம் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். கோட்டை மாட்டிவிடும் சாக்கில் அவர் நெஞ்சோடு நின்றேன். சார்ஜன் நல்ல மனுஷன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவர் சொன்னார்.

"அம்மா. நாளைக்குக் கருமாதி."

நான் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "எங்க?"

"டயகம. மேக்கணக்கு. ஆறாம் லயம்." பிறகு அவசரமாக, "ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாதான் சத்தியம் வாங்கிருச்சு. பெரிய எடத்துல பொண்ணு எடுத்திருக்க, கொழுந்து பறிக்கிறவ மகன்னு தெரிய வேணாம்னு. நானும் சரின்னுட்டேன். சரின்னு சொன்னது என் தப்பு" என்றார். ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் எனக்கு யார் மேல் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் மேல் வந்தது. செத்துப்போன அந்த அம்மா மேலும் வந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா, நான் என்ன சொல்வேன் என்று நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள் என்று ஆளில்லாத வீட்டில் கத்தினேன். கத்தி முடித்ததும் அப்பாவின் கடைக்குப் போய் ஒரு வேட்டியும் ஒரு வெள்ளைச் சேலையும் எடுத்தேன். யாருக்கு என்று அப்பா கேட்டார். "என் மாமியாருக்குக் கோடி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வாய் திறந்தபடி நின்றது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் தலவாக்கலை போய், அங்கிருந்து பஸ்ஸில் டயகம போனேன். தோட்டத்தின் மேல் பிரிவை மேக்கணக்கு என்பார்கள். இறங்கி மலையேற வேண்டும். லயத்துக்கு முன்னால் கொஞ்சம் சனம் கூடியிருந்தது. கருமாதிக்காகத் தோட்டத்தில் அரை நாள் லீவு வாங்கியிருந்தார்கள். மொட்டைத் தலையோடு ஒருவர் எழுந்து வந்தார். எங்கள் பக்கத்தில் தாய்க்கு இளைய மகன்தான் காரியம் செய்து மொட்டை போடுவான். அவர் நெற்றியும் மூக்கும் என் கணவருடையது. நான் யார் என்று யாரும் கேட்கவில்லை.

"அண்ணன் வரலீங்களா அண்ணி?" என்றார்.

"அவரால வர முடியல. நான் வந்திருக்கேன்" என்றேன்.

பெண்கள் பாய் விரித்துக் கொடுத்தார்கள். முறைப்படி சேலையைப் படத்துக்கு முன்னால் வைத்து, வேட்டியைக் கொழுந்தனார் தோளில் போட்டேன். படம் என்றால் போட்டோ இல்லை. அந்த அம்மாவுக்குப் போட்டோ எடுத்ததே இல்லை. ஒரு பலகையில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் அவர் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளித் துண்டை மடித்து வைத்திருந்தார்கள். அந்தத் துண்டைத் தொட்டுக் கும்பிட்டேன். தள்ளுபடியான மனுக்களில் ஒன்று அவருடையது என்று அங்கேதான் தெரிந்தது. செய்தி கேட்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லையாம்.

நிமிர்ந்தபோதுதான் அந்தச் சட்டைகளைப் பார்த்தேன். நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. கொழுந்தனாருக்குப் பக்கத்தில் நின்ற மூன்று பேருடைய சட்டையிலும் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய சிவப்புக் கறை.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"பாடைக்கு செவப்புத் தாள் ஒட்டியிருந்தமுங்க" என்றார் ஒருவர். "மழையில சாயம் எறங்கிருச்சு. தூக்குன ஆளுங்க எல்லாருக்கும் இப்புடித்தான். ஐயாவும் கோட்ட கழட்டிப் போட்டுட்டு எங்களோடதான் தூக்குனாங்க. காலையில வந்தவரு, பொதைச்சு முடிக்கிற வரைக்கும் தோளு மாத்தல."

எனக்கு அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தது என் மாமியாரின் பாடைச் சாயத்தை. ஜெயிலில் என் புருஷன் இருப்பதை அவர்களிடம் சொன்னேன். கொழுந்தனார் கேட்டுவிட்டு உள்ளே போய்த் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மற்ற மூன்று பேரும் எதுவும் கேட்கவில்லை, கூடவே கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஹட்டன் ஸ்டேஷனில் நின்றோம். என் கணவரைக் கொண்டுவந்தார்கள். தம்பியைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான்கு பேரும் நடந்ததைச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் சார்ஜன் மூலமாகக் கேட்டார்: "இவர் உங்களுக்கு யார்?"

கொழுந்தனார் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "எங்க வக்கீலய்யாங்க."

அண்ணனின் கழுத்துக்குக் கயிறு தொங்கும்போதும் அவரும் தாயிடம் கொடுத்திருந்த வாக்கை மீறவில்லை. இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஒரு வக்கீல், தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் பாடையை மழையில் மலையேறித் தூக்கினாராம். கட்சிக்காரிக்காகப் பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டு கொலைப் பழியையும் சுமந்தாராம். எந்த நீதவான் நம்புவார் என்று கேட்டார். இவர்கள் சட்டையில் சாயம் பூசிக் கூட்டிவர நானே துணிக்கடைக்காரன் மகள்தானே என்றும் சார்ஜன் வழியாகச் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் எதற்குத் தயங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கொலைப் பழிக்குப் பயப்படாத மனுஷன், என் முகம் எப்படிப் போகுமோ என்று பயந்துகொண்டு நின்றார்.

"நான் அம்மாவுக்குக் கோடி போட்டுட்டுத்தான் வர்றேங்க" என்றேன். "மருமக செய்ய வேண்டியத செஞ்சாச்சு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தம்பியின் பக்கத்தில் போய் அவன் தோளில் கையைப் போட்டார். "இவன் என் தம்பி" என்றார், முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். "செத்தது எங்க அம்மா. நான் அந்த லயத்துலதான் பொறந்தேன். தோட்டத்துப் பேர்ப் புத்தகத்துல என் பேர் இருக்கும், பாத்துக்குங்க." கொழுந்தனார் விம்மி அழ ஆரம்பித்தார். சார்ஜன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்தார்கள். சாவுக்கு வந்திருந்த தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கும் என் கணவரை அன்று முழுக்கப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறப்புப் பதிவும் அங்கேயே இருந்தது. சட்டைக் கறை ரத்தமில்லை என்று கொழும்பிலிருந்தும் பதில் வந்துசேர்ந்தது. மத்தியானத்துக்கு முன்னால் விட்டுவிட்டார்கள். அப்படியென்றால் சிநேகிதரைக் கொன்றது யார் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காணி வழக்கில் எதிர்க்கட்சி ஆள் ஒருவனை இரண்டு மாதம் கழித்துப் பொல்பிட்டியப் பக்கம் பிடித்தார்கள். அவனே ஒப்புக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலி காலியாகவே இருந்தது, என் கணவர் ரொம்ப நாள் அந்தப் பக்கம் பார்க்காமலே சாப்பிட்டார். சண்டை தீராமலே போய்விட்டாரே என்பதுதான் அவருக்கு ஆறாத துக்கம்.

விடுதலையான அன்றைக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்வாசல் வழியாகத்தான். அவர் முகம் மழித்து, குளித்து, தம்பியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பரிமாறும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு கர்வமும் இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் டீ கொடுத்தேன். கொழுந்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆத்தா சொன்னது சரிதான்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

அவர் அண்ணனை ஒரு தடவை பார்த்தார். "நீங்க கல்யாணமாகி வந்த வருசம் ஆத்தா ஒரு தடவ இங்க வந்துச்சு அண்ணி. அண்ணனுக்குக்கூடத் தெரியாது. மருமகள ஒருக்கா கண்ணால பாத்துரணும்னு ஆச. மனு விசயமா வக்கீலய்யாவப் பாக்க வந்தேன்னு சொல்லிருக்கு. ஐயா இல்ல, ஒக்காருன்னு பின்பக்கம் படியில ஒக்கார வச்சு டீ குடுத்தீங்களாம். ரெண்டு கரண்டி சீனி போட்டுச்சுடா, நல்ல புள்ளடான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, சாகுற வரைக்கும்."

என் கணவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

நினைத்துப் பார்த்தேன். வாரத்துக்கு எத்தனை பெண்கள் மனுவும் கையுமாகப் பின்பக்கம் வருவார்கள். உயரமா, குட்டையா, மூக்குத்தி போட்டவரா, ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கவென்று பின்கதவில் ஆணியடித்துத் தகரக் குவளைகள் மாட்டியிருப்பேன். வீட்டுக் கோப்பை வேறு. எதில் கொடுத்தேன் என்று கொழுந்தனாரைக் கேட்க வாயெடுத்தேன். கேட்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும். என்னிடம் சொல்ல அவர்கள் பயந்தது வீண் பயம் இல்லை.

அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். என்னைச் சமாதானப்படுத்தவில்லை, கோபிக்கவும் இல்லை. படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று படிகள்.

"அம்மா எதுல ஒக்காந்துச்சு?" என்று கேட்டார்.

"எனக்கு நெனவில்லீங்க" என்றேன்.

அவர் குனிந்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.